மேடையும் பீடமும்

பங்குனி, சித்திரைத் திங்கள்களில் செக்காலைக்குச் சுற்றூர்த் திருவிழாக்களின் நாடக ஆர்மோனியம் நள்ளிரவிலும் கேட்கும். பொழுது விடிந்தால் கோயிலில் திருப்பலிக்கு ஒலிப்பதும் அதே ஆர்மோனியந்தான். கூத்துக்குரிய இசையும் கோயிலுக்குரிய இசையும் ஒரே விரல்களில் பிறக்கலாமா என்னும் வினா நம்மவரிடையே அவ்வப்போது எழுவதுண்டு.

இவ்வினா புதிதன்று. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று வெளியிட்ட ஆணையில், நாடகப் பாணி இசை திருவழிபாட்டிற்குப் பொருந்தாது என்றார். பியானோவையும் கோயிலிலிருந்து விலக்கினார். செபிக்கும் இடம் திறமை காட்டும் அரங்காகிவிடக் கூடாது என்னும் அவரது கவலை நியாயமானதே.

எனினும் திருச்சபையின் பற்றுறுதிமிக்க மகனான ஜோசப் ஹைடனின் (1732–1809) இளமையை நோக்குவோம். வியன்னாவின் தூய ஸ்தேவான் பேராலயத்தில் பாடகச் சிறுவனாயிருந்து, குரல் உடைந்ததும் வெளியே வந்தவர் அவர். 1750-களில் காலையில் துறவியர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். குர்ட்ஸ் என்னும் நகைச்சுவை நடிகருக்கு நாடக இசையும் எழுதினார். குர்ட்ஸ் நாற்காலிமேல் குப்புறப் படுத்து நீந்துவதுபோல் கைகால்களை அசைக்க, ஹைடன் விசைப்பலகையில் அலைகளை எழுப்பினார் என்பர் அவரது வரலாற்றாசிரியர். அந்நாடகத்தின் இசை இன்று கிடைக்கவில்லை. ஆனால் 1756 என அவரே ஆண்டு குறித்த ஆர்கன் கான்செர்ட்டோ ஒன்று உள்ளது. ஆர்கன் முன்நின்று பிற கருவிகளோடு உரையாடும் இசை அது. அவர் நேசித்த பெண் அவ்வாண்டில்தான் கன்னியர் மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அந்நாளுக்கென எழுதப்பட்டதே அவ்விசை எனக் கருதுவோர் உண்டு. பிற்காலத்தில் ஆப்பரா எழுதினாலும் சிம்பொனி எழுதினாலும், 'ஆண்டவர் பெயரால்' எனத் தொடங்கி 'இறைவனுக்குப் புகழ்' என முடிப்பது அவர் வழக்கம்.

அந்த இளைஞர் குர்ட்ஸுக்குச் செய்ததையே நம் ஆர்மோனியக் கலைஞர் பபூனுக்குச் செய்கிறார். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம் நாடகத்திற்கு நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வருவர், ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டின் கட்டை வேறு, ஸ்திரீபார்ட்டின் கட்டை வேறு. ஒவ்வொருவருக்கும் சுருதி கொடுத்து, பின்பாட்டும் பாடி, விடியும்வரை நாடகத்தைக் கட்டிக் காப்பவர் அவரே.

நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கு ஒன்றில், இத்தகைய கலைஞர் ஒருவர் திருப்பலிக்கு வாசிக்க வந்தபோது பெரியவர் சிலர் முகம் சுளித்தனர். அவர் முதலில் செய்த வேலை, வருகைப்பாடலைக் கட்டை இறக்கியது. அதுவரை வாய் திறவாதிருந்த பின்வரிசை முதியோர் அன்று பாடினர். பிறர் குரலுக்குச் செவிகொடுத்துப் பின்செல்லும் பணிவை அவருக்குக் கற்பித்தது நாடக மேடையே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்து, ஆலய மாண்புக்கு இசைந்து மக்களின் பக்தியை வளர்க்கும் பிற கருவிகளையும் ஏற்றது. இன்று பல ஆலயங்களில் மின்விசைப்பலகையின் தானியங்கித் தாளம் இறைமக்களின் குரலை மூழ்கடிக்கிறது. வாசிப்பவர் நாடக மேடையையே அறியாதவராயினும், அதுவன்றோ கோயிலுக்குள் நுழைந்த கூத்து! கருவி எங்கிருந்து வந்தது எனக் கேட்குமுன், அது யாரைப் பாட வைக்கிறது எனக் கேட்போம்.