மேற்கு எல்லை எங்கே பாஸ்?

சரவணம்பட்டி சிக்னல்ல நின்னு, "தமிழ்நாட்டுக்கு மேற்கு எல்லை எங்கேங்க?"னு யாரையாவது கேட்டுப் பாருங்க. "வாளையாறுங்க!"னு பட்டுனு பதில் வரும். ஆனா, அந்த எல்லை ஊர் ஊரா அலைஞ்சுட்டுதான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கு, தெரியுமா?

சேரர் காலத்துல எல்லையே கடல்தான். இந்தப் பக்கம் கரூர், அந்தப் பக்கம் முசிறித் துறைமுகம். நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒதுங்கி வழிவிடுது. அதான் பாலக்காட்டுக் கணவாய். நம்ம வெள்ளலூர்ல ரோமானியக் காசுகள் கிடைச்சதுன்னா, இந்த வாசல் வழியா நடந்த வியாபாரம்தான் காரணம்.

வியாபாரி வந்த வழியில படையும் வரும்தானே? 1766-ல் ஹைதர் அலி பாலக்காட்டுல கோட்டை கட்டினார். அடுத்ததுதான் செம ட்விஸ்ட். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில மலபார் ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போச்சு. கோயமுத்தூர் திப்பு சுல்தான்கிட்டயே இருந்துச்சு. ஆக, ஏழு வருஷம் கணவாய்க்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன், இந்தப் பக்கம் மைசூர்!

1799-ல் திப்பு இறந்ததும் கோவையும் கம்பெனி வசமாச்சு. கோவை, பாலக்காடு ரெண்டுமே சென்னை மாகாணம். மேற்கு எல்லை திரும்பவும் அரபிக்கடலுக்கே போயிடுச்சு. 1862-ல் சென்னையிலிருந்து கணவாய் வழியா பேப்பூர் வரைக்கும் ரயிலே ஓடுச்சு.

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலம் வந்து, கோடு வாளையாறுல விழுந்துச்சு. அப்புறம் வரிக்காக செக்போஸ்ட், வரிசை கட்டி நின்ன லாரிகள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச்சாவடி போச்சு. 'இனி எல்லை பேருக்குத்தான்'னு நினைச்சோம். 2020 மே மாசம் கொரோனா நேரத்துல, சொந்த ஊருக்குத் திரும்பின மலையாளிகள் பலர் பாஸ் இல்லாம அதே வாளையாறுல காத்துக் கிடந்தாங்க.

ஒருநாள் உக்கடத்துல பாலக்காடு பஸ் ஏறுங்க. ஜூன், ஜூலைன்னா ஜன்னல் சீட் பிடிங்க. கணவாய்க் காத்து முகத்துல அறையும். கோடு வந்துடுச்சுன்னு கடைபோர்டு எழுத்து மாறினாத்தான் தெரியும். காத்துக்கு அதுவும் தெரியாது. சிறுவாணித் தண்ணிக்கும்தான், அணை இருக்கிறது பாலக்காடு மாவட்டத்துல, குடிக்கிறது கோவை.

வியாபாரம், படை, மொழி, வரி, நோய்னு ஒவ்வொரு காலமும் ஒரு காரணம் சொல்லி கோட்டை நகர்த்தியிருக்கு. உங்க கிளாஸ்ல பாலக்காட்டுப் பையன் இருந்தா, 'வெளிமாநிலம்'னு ஒதுக்காதீங்க. 1956 வரைக்கும் அவன் தாத்தாவும் உங்க தாத்தாவும் ஒரே மாநிலம் பாஸ்!