ஆர்.சி. யாரு பேர்ல சார்?

திருநெல்வேலி டவுணில் அல்வாக் கடை எங்கே என்று கேட்டால் பால் குடிக்கிற பிள்ளைகூடக் கையைக் காட்டும். சாவி போடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பத்து வருஷமாக அவர் முன்னாலேயே ஸ்கூட்டரை நிறுத்தி டீ குடிக்கிறவர்கூடத் தலையைச் சொறிவார். சாவி தொலைகிற வரைக்கும் சாவிக்காரர் யார் கண்ணிலும் படமாட்டார். தொலைந்த நிமிஷத்திலிருந்து அவர்தான் நெல்லையப்பர்!

எனக்கு அவரைத் தெரிந்ததற்கு ஒரே காரணம், ரத வீதி ஒன்றில் எங்கள் ஆபீஸுக்கு ஏறுகிற மாடிப்படிக்குக் கீழேதான் அவருடைய சாம்ராஜ்யம். மூன்றடிக்கு மூன்றடி. ஒரு வைஸ், விதவிதமாக அரம், கரண்டில் ஓடுகிற சாவி வெட்டும் மெஷின், ஒரு டார்ச், பூதக்கண்ணாடி, கம்பியில் கோத்த வெட்டாத சாவிகள். ஆள் அறுபதைத் தாண்டியவர். ஊருக்கே அண்ணாச்சி.

பூட்டு என்றதும் நமக்குத் திண்டுக்கல் ஞாபகம் வரும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. ஆனால், வண்டிப் பூட்டு வேறு ஜாதி என்பார் அண்ணாச்சி. அதற்குள்ளே ஒரு உருளை. உருளைக்குள் வரிசையாக, பிளேடு மாதிரி மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடும் உருளையின் விளிம்போடு சமமாக அடங்கி நிற்கும். உருளை திரும்பும். ஒரு தகடு அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றாலும் திரும்பாது. அவ்வளவுதான் ரகசியம்.

ஆறு தகடு, ஒவ்வொன்றுக்கும் நாலு உயரம் என்று வையுங்கள். நாலை ஆறு முறை பெருக்கினால் 4,096 சாவி. ரோட்டில் ஓடுகிற வண்டியோ லட்சக்கணக்கில். அப்படியானால் என்ன அர்த்தம்? உங்கள் பைக் சாவிக்கு ஊரில் எங்கேயோ கூடப் பிறந்த அண்ணன் தம்பி இருக்கிறான் என்று அர்த்தம்! பழைய ஸ்கூட்டர்களில் தகடு தேய்ந்து தேய்ந்து, பக்கத்து வீட்டுச் சாவிக்கும் பல்லை இளித்துக்கொண்டு திறந்த கதை எல்லா ஆபீஸ் ஷெட்டிலும் உண்டு.

அண்ணாச்சி தொழில் படித்தபோது கருவி என்பது அரமும் கண்ணும்தான். வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விடுவார். லேசாகத் திருகுவார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். தகடு உரசின இடத்தில் ஊசி முனை அளவு ஒரு மினுக்கம் தெரியும். அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. இருபது நிமிஷமும் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகும். பூட்டு பதில் சொல்லும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அவரிடம் 'லிஷி' இருக்கிறது. லி என்ற சீனப் பூட்டுக்காரர் உருவாக்கியது. பார்த்தால் பல் டாக்டர் டிரேயிலிருந்து தப்பி வந்த சாமான் மாதிரி இருக்கும். முனை பூட்டுக்குள் போகும். வெளியே இருக்கிற தகட்டில் கிராஃப் ஷீட் போலக் கோடுகள். ஒரு கை பூட்டை மெல்லத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொரு ஊசி ஒவ்வொரு தகடாகத் தொட்டுப் பார்க்கும். எத்தனாவது தகடு, எவ்வளவு உயரம் என்பதை முள் கோட்டின் மேல் நின்று காட்டும். பூட்டும் திறந்துவிடும், சாவியின் எண்ணும் தெரிந்துவிடும். அந்த எண்படி மெஷினில் வெட்டினால் புதுச்சாவி ரெடி. அசல் சாவியை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை! ஒரே ஒரு சங்கடம், ஒரு கருவி எல்லா வண்டிக்கும் ஆகாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகைக்கு ஒன்று, டொயோட்டாவுக்கு வேறு. அண்ணாச்சி தன் வாடிக்கைக்குத் தக்கபடி நாலைந்து வாங்கி, கண்ணாடிக் கூட்டில் படுக்கவைத்திருக்கிறார். பேரனைக்கூடத் தொடவிடமாட்டார்.

"இதெல்லாம் திருடன் கையில கிடைச்சா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அரிவா கூடத்தான் எல்லார் கையிலயும் கெடைக்கி. தேங்காயத்தான வெட்டுதோம்?" என்றார்.

இந்தச் சண்டை ரொம்பப் பழசு. 1851-ல் லண்டன் பெரிய பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், யாராலும் முடியாது என்று பேர் எடுத்திருந்த சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். அடுத்து பிராமா கம்பெனி பூட்டு. '200 கினி பரிசு, திறக்க முடியுமா?' என்று அறுபது வருஷமாகக் கடை ஜன்னலில் சவால் விட்டுக்கொண்டு தொங்கியது. அதையும் 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்துவிட்டார். 'ரகசியத்தை வெளியே சொல்லலாமா?' என்று கூச்சல். திருடர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், தெரியாதவர் பூட்டு வாங்குகிறவர்தான் என்பது ஹாப்ஸ் கட்சி. எனக்கும் அந்தக் கட்சிதான். ஆனால், ஹாப்ஸுக்கு இல்லாத ஒரு கஷ்டம் அண்ணாச்சிக்கு உண்டு. டவுணில் ஒரு பைக் காணாமல் போனால் போலீஸ்காரர் முதலில் வந்து நிற்பது இந்த மாடிப்படிக்குக் கீழேதான்.

அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, வண்டி நம்பர், பேர், போன் நம்பர், கையெழுத்து. சாவியின் எண்ணை மட்டும் எழுதமாட்டார். அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். ஆர்.சி. பார்க்காமல் அரத்தைத் தொடுவதில்லை. போன மார்கழியில், கடை அடைக்கிற நேரம், ஒரு பையன் வந்தான். 'மாமா வண்டி, சாவி தொலஞ்சிட்டு, ரெண்டாயிரம் தாரேன்' என்றான். இருநூறு ரூபாய் வேலைக்கு இரண்டாயிரம்! அன்றைக்கு முழுக்க அண்ணாச்சிக்கு போணி ஆனது ஒரு பீரோ சாவி. "மாமாவ வரச் சொல்லுடே" என்றார். மாமா இன்றுவரை வரவில்லை.

தொழிலுக்கு வந்திருக்கிற நிஜமான ஆபத்து திருடனும் இல்லை, போலீஸும் இல்லை, அரிசி அளவு ஒரு சிப். புதுக் கார்களில் சாவித் தலைக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று பேட்டரி கிடையாது. சாவி போடுகிற இடத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்தான் கரண்ட் கொடுத்து, 'நீ யார்?' என்று கேட்கும். சரியான பதில் வந்தால்தான் இன்ஜின் ஓடும். அச்சு அசலாகப் பல் வெட்டினாலும் கதவு திறக்குமே தவிர வண்டி நகராது. ஐரோப்பாவில் 1998-லிருந்து புதுக் கார்களுக்கு இது கட்டாயம். நெதர்லாந்தில் இதனால் கார் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் கியா, ஹூண்டாய் கம்பெனிகள் 2021 வரை நிறைய மாடல்களில் இதை வைக்காமல் விட்டன. பள்ளிக்கூடப் பையன்கள் வீடியோ பார்த்தே கார்களைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்! நம் ஊரில் 2023-ல் ஆக்டிவா ஸ்கூட்டரே, சாவி நுழைக்க வேண்டாத மாடலாகவும் வந்துவிட்டது. சிப்புக்கு எழுதுகிற கம்ப்யூட்டர் கருவி விலையைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். "நான் இருக்கமட்டும் பழைய வண்டி இருக்கும்" என்கிறார்.

பழைய வண்டி என்றால் என் நண்பருடையது மாதிரி. சிப் இல்லாத காலத்து மாருதி. சென்ற ஆனித் தேரோட்டத்தன்று ஆர்ச் பக்கம் ஒரு சந்தில் நிறுத்திவிட்டு, என்னோடு வடம் பிடிக்க வந்தார். தேர் நகர்ந்தது, ஜனம் நகர்ந்தது, நண்பர் சட்டைப்பையிலிருந்து சாவியும் நகர்ந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஆளையே தேட முடியாது, சாவியை எங்கே தேட?

அண்ணாச்சி கருவிப் பையோடு வந்தார். வேர்வையைத் துடைத்துவிட்டு, "ஆர்.சி. இருக்கா சார்?"

"டாஷ்போர்டுல இருக்கு."

"டாஷ்போர்டு எங்க இருக்கு?"

"காருக்குள்ள."

நண்பர் கெஸட்டட் ஆபீசர் வேறு. "என் வண்டிங்க இது!" என்று பச்சை மை குரலில் அதட்டினார். அண்ணாச்சி காரின் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுதாவ."

'டிஜிலாக்கரில் காட்டலாமே, 2018-லிருந்து போலீஸே ஒத்துக்கொள்கிறதே' என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நண்பர் முகம் கறுத்தது. ஆர்.சி. மதினி பேரில்! வீடியோ கால் போட்டோம். பாளையங்கோட்டை வீட்டிலிருந்து மதினி திரையில் வந்தார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த தேரோட்ட மைக் சத்தம் முழுசாக அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"எங்க நிக்கிய? இன்னைக்கு ஊருக்கே லோக்கல் ஹாலிடே, எங்களுக்கு மட்டும் ஆடிட்டுன்னுல்லா சொல்லிட்டுப் போனிய?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

மதினி தன் போனிலிருந்து ஆர்.சி. படத்தை அனுப்பினார். அண்ணாச்சி நம்பர் பிளேட்டையும் படத்தையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். பத்தே நிமிஷம். கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்தார், காதை மட்டும் பூட்டுப் பக்கம் சாய்த்து.

மறுநாள் தெருக் கூட்டுகிறவர்கள் வழக்கம்போல ஒரு கை நிறையச் சாவிகளை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பதினொன்று. யாராவது தேடி வந்தால் கொடுப்பார். ஆடி முடியும்வரை வராவிட்டால் வைஸில் வைத்துப் பல்லை மொழுக்கென்று ராவிவிடுவார். நண்பர் சாவி அதில் இல்லை. அப்படியென்றால் அது வேறு யார் கையிலோ இருக்கிறது. அண்ணாச்சியே என்னைக் கூப்பிட்டு, காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பரும் மதினியும் வந்தார்கள். அண்ணாச்சி கதவுப் பூட்டையும் ஸ்டார்ட் பண்ணுகிற பூட்டையும் கழற்றி, தகடுகளை இடம் மாற்றிக் கோத்தார். தொலைந்த சாவி இனி அந்த வண்டியைத் திறக்காது. புது எண்ணுக்கு இரண்டு சாவி வெட்டினார். எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதினார். நண்பர் பர்ஸைத் திறந்துகொண்டே கையை நீட்டினார்.

அண்ணாச்சி அந்தக் கையைக் கவனிக்காதவர் மாதிரி, "ஆர்.சி. யாரு பேர்ல சார்?" என்று கேட்டுவிட்டு, சீட்டையும் இரண்டு சாவியையும் மதினி கையில் கொடுத்தார்.