ஒரே மெட்டு, ஆளுக்கொரு பாட்டு

பெங்களூரு கம்மனஹள்ளியில் எங்கள் வீட்டு மாடி அறை எப்போதும் வெளிநாட்டு மாணவர்களுக்குத்தான் வாடகைக்குப் போகும். 2003 வாக்கில் அங்கே குடியிருந்தவர் கென்யாவிலிருந்து படிக்க வந்த ஓர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் சி.டி. பிளேயரை வாசற்படிக்கு இழுத்து வைத்துக்கொண்டு துணி துவைப்பார். வடகம் பிழியப் பாட்டி மொட்டை மாடிக்கு ஏறினால், காக்கா விரட்ட நானும் கூடப் போவேன்.

‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ரஹ்மான் இசையில் அப்பாச்சி இந்தியன் கொட்டிய வேகப் பேச்சுப்பாட்டை எங்கள் தெருப் பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி பாடித் திரிந்ததுண்டு. அதன் தாய்வீடு ஜமைக்கா, அந்த வகைக்குப் பெயர் டான்ஸ்ஹால் என்று சொன்னவர் மாடி அண்ணன்தான்.

அவர் சலிக்காமல் போட்ட தொகுப்பின் பெயர் ‘திவாலி’. லெங்கி மார்ஸ்டன் அமைத்த ரிடிம், அதாவது பாட்டுகளுக்கான பின்னணி இசை, அது. லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்டது. பின்னணி இசை முழுக்க ஒன்றே. அதன்மேல் எலிஃபன்ட் மேன், பவுன்டி கில்லர், வெயின் வொண்டர் என்று ஆளுக்கொரு பாட்டு.

பாட்டி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: “ஏம்ப்பா தம்பி, தட்டு கீறிப்போச்சா? போட்டதையே போட்டுக்கிட்டு இருக்கியே?” நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, பாட்டு மாறும்போதெல்லாம் பாடகர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். பாட்டிக்குச் சட்டென்று பிடிபட்டது. “அப்போ நம்ம கும்மிதான். மெட்டு ஊருக்குப் பொது, பாட்டு அவளவ சாமர்த்தியம்.”

அந்த ரிடிமின் முதுகெலும்பே கைத்தட்டல்தான். நெருக்கமாகச் சில தட்டு, நடுவில் சின்ன இடைவெளி, மறுபடி தட்டு. பாட்டி மாவுக் கையைத் துடைத்துவிட்டுத் தன் ஊர்க் கும்மித் தட்டைத் தட்டிப் பார்த்தாள். அது அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணன் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

வாத்தியக்காரர்களை ஒருமுறை அழைத்துப் பதிந்த இசையைப் பல பாடகர்களுக்கும் பயன்படுத்திக்கொள்வது ஜமைக்காவின் கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக்கூடங்களில் சிக்கனத்துக்கு வந்த வழக்கம். 1974இல் ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமில் ஒரு முழு இசைத்தட்டையே கொண்டுவந்தார். சிக்கனம் கலையாகிவிட்டது. நம் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களும் இன்ன மெட்டு என்று தலையில் அச்சிட்டுத்தானே காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன? ‘திவாலி’ என்ற பெயரும் நம்முடையதுதான். 1845 முதல் கூலிகளாகக் கப்பலேறிப்போன நம் நாட்டவர் தீபாவளியையும் ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தீவின் ரிடிம் ஒன்றுக்கு அந்தப் பெயர் அமைந்தது எனக்கு இன்றும் பெருமைதான்.

இதே ரிடிமில் ஷான் பால் பாடிய ‘கெட் பிஸி’ 2003இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஷான் பாலிடம் ஆட்டத்துக்கு அழைத்த அதே கைத்தட்டல், வெயின் வொண்டரிடம் காதலில் குழைந்தது. குரல் என்றால் என்ன, அது ஒரு மெட்டை எப்படித் தனதாக்கிக்கொள்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

வெற்றிபெற்ற ஒரு பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்பவர்களுக்கு இது புரியாது. ஒரு ரிடிம் தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, தாண்டாமல், ஒரே இருப்பில் கேளுங்கள். மெட்டைப் பொதுவில் வைத்தால் பாடகன் சிறுப்பதில்லை, வளர்கிறான்.