மயிலாப்பூரில் வீடு, பெங்களூரில் ஆபீஸ்... தொழில் வரி எந்த ஊருக்கு?

மயிலாப்பூர் மாட வீதிகளில் காலை ஒன்பது மணிக்கு ஒரு மாற்றம் தெரிகிறது. ஒரு காலத்தில் அந்த நேரத்துக்கு எல்லோரும் டிபன் பாக்ஸோடு லஸ் கார்னர் பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். இப்போது சில வீடுகளில் யாரும் ஓடுவதில்லை. பூஜை மணி ஓய்ந்ததும் ஹாலில் ஒரு லேப்டாப் திறக்கிறது. ஆபீஸ் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், காபி வடக்கு மாட வீதியில்!

மாதக் கடைசியில் வரும் சம்பள ஸ்லிப்பில் மட்டும் பெங்களூரு எட்டிப் பார்க்கும். வருமான வரி, பி.எஃப் பிடித்தங்களுக்குக் கீழே 'பி.டி. 200' என்று சின்னதாக ஒரு வரி. பி.டி. என்றால் புரொஃபஷனல் டாக்ஸ், நம் ஊர் பேச்சில் தொழில் வரி. கபாலி கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி வேலை செய்கிறவர் கர்நாடக அரசுக்கு ஏன் வரி கட்ட வேண்டும்?

வருமான வரியில் இந்தச் சிக்கல் கிடையாது. அது மத்திய அரசின் வரி. மயிலாப்பூரில் இருந்தாலும் மைசூரில் இருந்தாலும் ஒரே ரிட்டர்ன்தான். விவசாய வருமானத்தைத் தவிர, வருமானத்தின் மீது மாநிலங்கள் வரி போட முடியாது. ஆனால், தொழிலுக்கும் வேலைக்கும் வரி போட அரசியலமைப்பின் 276-வது பிரிவு இடம் தருகிறது. உச்சவரம்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 250 ரூபாயாக இருந்ததை 1988-ல் 60-வது திருத்தம் இப்படி உயர்த்தியது. அதற்குப் பிறகு தங்கம் எங்கேயோ போய்விட்டது, இந்த 2,500 மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கர்நாடகத்தில் இது மாநில அரசின் வரி, மாதாமாதம் பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 25,000 ரூபாயும் அதற்கு மேலும் இருந்தால் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளின் வரி. சென்னையில் மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, அதாவது செப்டம்பர் 30, மார்ச் 31 கெடுக்களுக்குள் போய்ச் சேர வேண்டும். டெல்லி, ஹரியானா, உத்தரப்பிரதேசத்தில் தொழில் வரியே கிடையாது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு எந்தக் கணக்கு? வேலை எந்த எல்லைக்குள் நடக்கிறது என்று சட்டம் பார்க்கிறது. உங்கள் பெயர் எந்த ஆபீஸ் சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்று கம்பெனி பார்க்கிறது. இரண்டும் ஒரே ஊராக இருந்தவரை பிரச்னை இல்லை. இப்போது ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பி, 'வேலை செய்யும் இடம் சென்னை' என்று பதிவை மாற்றச் சொல்வதுதான் நடைமுறையில் இருக்கும் வழி.

வருஷத்தின் நடுவில் ஊர் மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஏப்ரலில் இருந்து ஜூன் வரை பெங்களூரு, ஜூலையில் சென்னை வேலை என்று வைத்துக்கொள்வோம். அங்கே மூன்று மாதத்துக்கு 600. இங்கே செப்டம்பர் வரையிலான அரையாண்டுக்கு 1,250, அடுத்ததுக்கு 1,250. ஆக 3,100 ரூபாய். 2,500 உச்சவரம்பு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி என்பதால் இது தவறு என்று வாதாட முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஒரு ஆறுதல் உண்டு. பழைய வரி முறையில் ஹெச்.ஆர்.ஏ. சலுகைக்குக் கணக்கு, வீடு இருக்கும் ஊர்தான். ஆபீஸ் இருக்கும் ஊர் அல்ல. சென்னை வீட்டுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவிகிதம் வரை கணக்கில் வரும். பெங்களூருக்கு வெகுகாலம் 40 சதவிகிதம்தான் இருந்தது. மயிலாப்பூரில் அம்மா பெயரில் இருக்கும் வீட்டுக்கே வாடகை கொடுத்து ரசீது வாங்குகிறவர்களும் உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால், பணம் நிஜமாகவே அம்மா அக்கவுன்ட்டுக்குப் போக வேண்டும், அம்மா அதைத் தன் வருமானமாகக் காட்ட வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அம்மாவின் பான் எண்ணும் வேண்டும்.

தியாகராயர் பெயரில் ஒரு நகர்

தி.நகருக்கு அந்தப் பெயர் வரக் காரணமான பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். அந்த மாநகராட்சியின் தொழில் வரி அதிகம் உறைப்பது அவர் பெயர் தாங்கிய இடத்தில்தான்.

ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஒன்றில் மாதம் 13,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு வருமானம் 78,000. சென்னையில் அரையாண்டுக்கு 21,000 ரூபாய் வரைதான் விலக்கு, 75,000-ஐத் தாண்டினால் உச்சபட்ச வரியான 1,250. பாண்டி பஜாரில் இரண்டு லட்சம் சம்பளம் வாங்கும் மேனேஜருக்கும் அதே 1,250-தான். இதே பெண் பெங்களூரு சிக்பேட்டையில் புடவை மடித்துக்கொண்டிருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். சாஃப்ட்வேர்காரருக்கு இந்த வரி ஒரு சினிமா செலவு. ஹாஸ்டலில் தங்கி ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு அப்படி இல்லை. உச்சவரம்பை உயர்த்துவது பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கீழ்ப்படியையும் கொஞ்சம் பார்க்கலாம்.

பாலம் தாண்டினால்...

திரு.வி.க. பாலம் தாண்டினால் அடையாறு. இங்கிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் தினமும் கிளம்பும் கேப்களில் இன்னொரு கூத்து நடக்கிறது. சோழிங்கநல்லூரில் இறங்குகிறவரின் தொழில் வரி சென்னை மாநகராட்சிக்குப் போகும். இன்னும் கொஞ்ச தூரம் போய் சிறுசேரியில் இறங்குகிறவரின் வரி அந்த ஊர் ஊராட்சிக்கு! அவர் நடக்கும் அடையாறு பிளாட்பாரத்துக்கு அதில் பங்கில்லை. மாநிலத்துக்குள் ஒரு நல்ல விதி உண்டு: ஓர் உள்ளாட்சியில் அந்த அரையாண்டுக்குக் கட்டிவிட்டு இன்னோர் இடத்துக்கு மாறினால், ரசீதைக் காட்டினால் போதும், மறுபடி கேட்கக் கூடாது. அதனால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பெசன்ட் நகர் பீச்சில் காலை வாக்கிங் போகும் பெற்றோர்களின் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வருமான வரியே தனி. நியூஜெர்சி எடிசனில் வீடு, நியூயார்க் மன்ஹாட்டனில் வேலை என்றால் இரண்டு மாநில ரிட்டர்ன். முதலில் நியூயார்க் எடுத்துக்கொள்ளும், அதை நியூஜெர்சி கழித்துக்கொள்ள விடும். அதே எடிசன்காரர் பிலடெல்பியாவில் வேலை பார்த்தால், இரு மாநில ஒப்பந்தப்படி சம்பளத்துக்கு நியூஜெர்சி வருமான வரி மட்டும். டல்லாஸில் இருக்கும் தம்பிக்கு அந்தத் தலைவலியே இல்லை, டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது.

நியூயார்க்கிடம் இன்னொரு பிடியும் இருக்கிறது. தன் வசதிக்காக எடிசன் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்த நாளையும் நியூயார்க்கில் வேலை செய்த நாளாகத்தான் அது கணக்கு வைக்கும். விலக்கு வேண்டுமென்றால், வீட்டில் இருந்தது கம்பெனியின் தேவைக்காக என்று காட்ட வேண்டும். வடக்கு மாட வீதியில் லேப்டாப்பைத் திறப்பவரின் வழக்கேதான், 200 ரூபாய்க்குப் பதில் ஆயிரக்கணக்கான டாலரில்.