அடியில் நிற்கும் நீர்

நாமக்கல்லை லாரிக்குப் பாடி கட்டும் ஊரென்று தேசம் முழுவதும் அறியும். ஆயினும், வர்ணம் தீட்டி வரிசையாக நிற்கும் அந்த லாரிகளைக் கண்டு வியந்து திரும்புவோரில் மிகச் சிலரே, அவற்றின் பிராண ஸ்தானமான பம்பையும் நாசிலையும் பிரித்துச் சீராக்கும் டீசல் பம்ப் பட்டறைக்குள் நுழைந்து பார்த்திருப்பர். நான் சென்ற பட்டறையில் கிரீஸும் கரியும் வாசலோடு நின்றுவிட, உள்ளே கண்ணாடிக் கதவிட்ட அறையில், பூஜையறைக்குரிய சுத்தத்தோடு வேலை நடந்துகொண்டிருந்தது.

டிரைவர்கள் 'பாய்' என்று அழைக்கும் முதிய மெக்கானிக், டீசல் நிறைந்த தட்டிலிருந்து ஓர் உருளையையும் அதனுள் ஏறியிறங்கும் தண்டையும் எடுத்துக் காட்டினார். 'எலிமெண்ட்' என்று பட்டறையில் வழங்கும் அந்த ஜோடிக்கு நடுவே உள்ள இடைவெளி, தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆதலால் ஒன்றின் தண்டை மற்றொன்றின் உருளையில் பொருத்தலாகாது. செங்குத்தாகப் பிடித்த உருளையில், டீசலில் நனைந்த தண்டு தன் பாரத்தாலேயே மெல்ல மெல்ல இறங்கினால்தான் ஜோடி நல்லதென்று அர்த்தம்.

"துணியால துடைச்சா நூல் ஒட்டிக்கும், அதனால துணியே தொட விடமாட்டோம் சார். இதுக்குள்ள தண்ணி போனா என்ன ஆகும், பாருங்க" என்று சொல்லி, கெட்டுப்போன தண்டொன்றை என் கையில் வைத்தார். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய எஃகில் பழுப்புக் கறையும் நீளவாக்கில் கீறல்களும் பிரத்தியட்சமாகத் தெரிந்தன. எரிபொருளாகிய டீசலே அந்த ஜோடிக்கு மசகெண்ணெயும் ஆகிறது. அதன் இடத்தில் நீர் புகுந்த கணமே இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசுகின்றன.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில், மழையில் மலைச்சாலை ஏறி வந்த லாரியின் டிரைவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது பாய். வெள்ளைப் புகையா வருது."

"கடைசியா எப்ப தண்ணி எடுத்தீங்க தம்பி?"

"கிளீனர் இருந்தப்ப அவன் எடுப்பான். இப்ப நான் ஒருத்தன்தானே பாய்."

அந்தப் பதிலில் இருந்த களைப்பு என் மனத்தை உறுத்தியது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. மழைநீர் அவ்வழியே இறங்கியிருக்கிறது. மழையில்லாத காலத்திலும் அபாயம் இல்லாமலில்லை. பாதி காலியான டேங்கோடு வண்டியை இரவில் நிறுத்தினால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டில் துளித்து வடிகிறது. நீர் டீசலைவிடக் கனமானது, ஆகையால் அடியில் தங்குகிறது. நெடுநாள் தங்கினாலோ, இரண்டும் சந்திக்கும் விளிம்பில் நுண்ணுயிர்கள் பெருகி, பில்டரை அடைக்கும் கொழகொழத்த, பாசிபோன்ற கசடாகின்றன.

பாய் பில்டருக்கு முன்னுள்ள வாட்டர் செபரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தார். கலங்கிய நீர் முதலில் விழுந்தது, பிறகே தெளிந்த டீசல். திருகை இறுக்கி, ஹேண்ட் பம்பை அடித்து ஏர் எடுத்து முடித்தார். இதனை விடியற்காலையில், இஞ்சினை முடுக்கும் முன்பே செய்ய வேண்டும். ஓடிக் குலுங்கிய வண்டியில் நீர் டீசலோடு கலந்துவிடுவதால் முழுவதும் பிரிந்து வராது.

பழைய நாசில்கள் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறப்பவை. சிறு பிழையைப் பொறுத்துக்கொண்டன. புதிய லாரிகளில் பெரும்பாலும் காணும் காமன் ரெயில் முறையிலோ அழுத்தம் 1,600 பாரையும் தாண்டுகிறது; அங்கே புகுந்த நீர் சூடான நாசில் முனையில் ஆவியாகி வெடித்து, முனையையே சேதப்படுத்தக் கூடும். எச்சரிக்கை விளக்கு உண்டென்பது மெய்தான். எனினும் நீர் ஓரளவு சேர்ந்த பிறகே அது எரியும்.

லாரி முதலாளிகளிடம் ஒரு விண்ணப்பம். மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்தச் சொல்லுங்கள். கிளீனரின் சம்பளத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கிளீனரை வைப்பது இயலாதெனில், தனியாக ஓட்டும் டிரைவருக்கு விடியலில் அந்தத் திருகைத் திறந்து மூடும் அவகாசத்தையாவது லோடு சேரவேண்டிய நேரக் கணக்கில் சேர்த்துக் கொடுங்கள்.