என் வண்டியின் இரட்டைக் குடித்தனம்

காஞ்சீபுரத்தில் பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயர் ஒருவர், வயது நாற்பதைத் தொட்டவர், தலையில் பாதி நரைத்தவர், பந்தயக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டவர்போல் மோட்டார் சைக்கிளின்மேல் குனிந்து படுத்தபடி பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினால், பையன்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? முதல் வாரம் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்களுக்கு அதில் ருசி போய்விட்டது.

வண்டி யமஹா ஆர்15. 2018-ஆம் வருஷம் வெளிவந்த மூன்றாம் பதிப்பு. 155 சி.சி., ஒற்றை ஸிலிண்டர், நிமிஷத்துக்கு 10,000 சுற்றில் 19 குதிரைச் சக்தி. எடை 140 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெரிய பந்தய வண்டிகளுக்கு 200 குதிரைக்கு மேல் உண்டு. ஆகவே அந்தக் குடும்பத்தில் இது கைக்குழந்தை. ஆனால் கைக்குழந்தைக்கும் தகப்பனுக்கும் முகஜாடை ஒன்றாய் இருக்கிறதல்லவா? அந்த ஜாடையில்தான் நான் மயங்கினேன். மனைவியிடம் சொன்ன காரணம் வேறு. பெட்ரோல் செலவு குறைவு என்றேன். அதுவும் வாஸ்தவந்தான்.

காஞ்சீபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை வருகிறது. 1990-ல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் திடல் அங்கே இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், அதற்குள் 12 வளைவுகள். அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது. என் தகப்பனார் வாலிபத்தில் அங்கே வேடிக்கை பார்க்கப் போய், வெயிலில் கறுத்துத் திரும்பிய கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பந்தயமில்லாத சில நாட்களில் சாதாரண மனிதர்களும் பணம் கட்டிவிட்டுத் தங்கள் சொந்த வண்டியைத் திடலில் ஓட்டிப் பழகலாம் என்று பழைய மாணவன் ஒருவன் 2022-ல் என்னிடம் சொன்னான். சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம்.

திடலுக்குப் போகுமுன் வண்டியைத் தகுதிப்படுத்த வேண்டாமா? எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன்: கம்பெனிச் சைலென்சரைக் கழற்றிவிட்டு, அடைப்பில்லாத குழாய் ஒன்றை வாங்கி மாட்டினேன். அதன் சத்தத்தைக் கேட்டதும் வண்டிக்கு இன்னும் பத்துக் குதிரை கூடிவிட்டதென்றே தோன்றிற்று. பௌதிகம் படித்தவன் இப்படி நினைத்தது வெட்கக்கேடு. புகை வெளியேறும் வழியை மட்டும் அகலமாக்கி, உள்ளே போகும் பெட்ரோலின் அளவைத் திருத்தாமல் விட்டால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து யந்திரம் சூடேறுமேயன்றிச் சக்தி அதிகமாய்ப் பெருகிவிடாது. பெருகியது சத்தந்தான். "ஸார், நீங்கள் ராஜவீதி திரும்பும்போதே பையன்கள் புத்தகத்தைப் பிரித்துவிடுகிறார்கள், ஒரு விதத்தில் நல்லதுதான்" என்றார் தலைமை ஆசிரியர். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாதென்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு சொல்கிறது என்பதையும், சட்டம் படித்த என் மைத்துனர் சாப்பாட்டு வேளையில் ஞாபகப்படுத்தினார்.

அந்தக் குழாயோடுதான் முதல்முறை திடலில் இறங்கினேன். கண்ணாடிகளைக் கழற்றினேன். விழுந்தால் சில்லுகள் சிதறாமலிருக்க விளக்குகளின்மேல் பட்டை ஒட்டினேன். கூலண்ட் சிந்தினால் தரை வழுக்கும் என்பதற்காக அதை வடித்து வெறும் தண்ணீர் ஊற்றினேன். தோல் உடுப்புக்குள் என் தொந்தியை அடைக்க இரண்டு பேர் உதவி செய்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே கல்லூரிப் பெண் ஒருத்தி, ஒரு வளைவில் என்னை வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளுடையதும் ஆர்15-தான். என்னுடையதைவிட ஒரு பதிப்புப் பழையது. சைலென்சர்கூடக் கம்பெனிச் சைலென்சர். அடுத்த நேர்பாதையில் என் சத்தம் அவளை எட்டிப் பிடித்தது. நான் பிடிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் சைலென்சரைப் பழையபடி மாட்டிக்கொள்ள மெக்கானிக் பாயிடம் போனேன். பாய் முப்பது வருஷமாகக் கரி படிந்த கைக்குச் சொந்தக்காரர். என் கதையை முழுவதும் கேட்டார். "வாத்தியார் சார், வண்டி ஓடுறதுக்குச் செலவு பண்ணாதீங்க. அது கம்பெனிக்காரன் பார்த்துக்கிட்டான். நிக்கிறதுக்கும் திரும்புறதுக்கும் பண்ணுங்க" என்றார்.

அப்படியே செய்தோம். தேய்ந்துபோன டயர்களைக் கழித்துவிட்டு, அதே அளவில் நல்ல பிடிப்புள்ள டயர்கள் போட்டோம். பிரேக் எண்ணெயை மாற்றினோம். இந்த எண்ணெயைப் பற்றி நேயர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட்-4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையிலாவது கொதிக்காமலிருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவியை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அதனால் கைப்பிடி விரலோடு வந்துவிடும், சக்கரம் நிற்காது. என் வண்டியில் நாலு வருஷமாக அந்த எண்ணெயை யாரும் தொட்டிருக்கவில்லை! அழுத்தினால் உப்பும் ரப்பர்க் குழாய்க்குப் பதில் எஃகுக் கம்பி பின்னிய குழாய் வந்தது. ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் கூடிய ஷாக் பின்னால் வந்தது. முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தால் வண்டி சீக்கிரம் எழும்பும் என்று ஒரு யோசனை இருந்தது. நெடுஞ்சாலையில் யந்திரம் ஓயாமல் கத்தும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

இந்த மட்டோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இராது.

திடலில் நேர்பாதையின் முடிவில் 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேகம் மூன்று மடங்கானால் அடக்க வேண்டிய சக்தி ஒன்பது மடங்கு. வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிற கணக்குத்தான். அத்தனையும் உஷ்ணமாகிப் பிரேக்கில் இறங்குகிறது. அதைத் தாங்கும்படி, பந்தயத்துக்கென்றே செய்த பிரேக் பேட் ஒரு ஜோடி வாங்கினேன். பாய் வேண்டாமென்றார். நான் கேட்கவில்லை. திடலில் அவை அற்புதமாக வேலை செய்தன. ஆனால் அவை நன்றாய்ச் சூடேறிய பிறகுதான் சரியாய்க் கவ்வும். இது பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. நான் அதைப் படித்துமிருந்தேன்.

அது மார்கழி மாதம். ஞாயிற்றுக்கிழமை திடலிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது, உடம்பெல்லாம் வலி. பேட்டை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் வழக்கம்போல் என் பெண் பின்னால் ஏறிக்கொண்டாள். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. தலையில் ஹெல்மெட், முதுகில் புத்தக மூட்டை. பனியில் தெரு நனைந்திருந்தது. வேகம் 35, 40-க்கு மேல் இராது.

ஒரு சந்திலிருந்து கீரை வண்டி வெளியே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி இரும்புபோல் உறுதியாக இருந்தது, வண்டிமட்டும் போய்க்கொண்டிருந்தது. இன்னும் அழுத்தினேன். காலாலும் மிதித்தேன், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் 2019 ஏப்ரலிலிருந்துதான் கட்டாயம்; என் வண்டி அதற்கு முந்தியது.) என் முன்சக்கரம் கீரை வண்டியின் சக்கரத்தில் போய் முட்டி நின்றது. இரண்டு கட்டு முளைக்கீரை தெருவில் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. இன்னும் நாலடி தூரம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஓரங்குலங்கூட இல்லை.

"ஏன் வாத்தியாரே, புள்ளைய பின்னாடி வெச்சிக்கினு இப்பிடியா வருவ?" என்றாள் கீரைக்காரக் கிழவி. பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. கீரைக் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். பெண்ணின் ஹெல்மெட் என் முதுகில் மோதிய இடம் அன்று முழுவதும் வலித்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது அவள், "அப்பா, பிரேக் பிடிக்கலையா?" என்றாள். "பிடித்தது, கொஞ்சம் தாமதமாகப் பிடித்தது" என்றேன். முதல் பாடவேளையில் பத்தாம் வகுப்புக்கு நான் என்ன நடத்தினேன் என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை.

ராத்திரி மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். வண்டியை விற்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். விற்கவும் தயாராக இருந்தேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை அது உங்கள் வண்டி. திங்கட்கிழமை காலையில் அது என் வண்டி. அதை என் வண்டியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் படுக்க வேண்டும்" என்றாள்.

பந்தய பேட் அன்றிலிருந்து மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. புது எண்ணெயும் எஃகுக் குழாயும் இருக்கும்போது, என் ஓட்டத்துக்குச் சாலைப் பேட்டே திடலிலும் போதுமானதாயிருக்கிறது. அது தெரிந்துகொள்ள மூன்று தடவை போய்வர வேண்டியிருந்தது. கல்லூரிப் பெண்களிடம் இப்போதும் தோற்கிறேன். முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தோற்கிறேன்.

இப்போது திடலிலிருந்து வந்ததும், எவ்வளவு நேரமானாலும், திண்ணையோரம் வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றாய் மாற்றுகிறோம். திடலுக்காகக் குறைத்த காற்றை டயரில் மறுபடி நிரப்ப வேண்டும். ஒற்றை ஆளுக்குத் தளர்த்திய ஸ்பிரிங்கை இரண்டு பேருக்கு இறுக்க வேண்டும். கண்ணாடிகள், கூலண்ட், விளக்குகளின்மேல் ஒட்டிய பட்டை. பின்விளக்குப் பட்டையை ஒருமுறை நான் மறந்தே போனேன். கண்டுபிடித்தது என் பெண். அவள் ஒரு தட்டில் மறைகளைப் போட்டுக்கொண்டு, நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்த ஜாபிதாவை உரக்க வாசிப்பாள். செய்தேன் என்று நான் சொன்னால் போதாது. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோடு கிழிப்பாள்.

திங்கட்கிழமை காலையில் நான் யந்திரத்தைக் கிளப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவள் வண்டியைப் பிரேக்கோடு இரண்டடி தள்ளிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பின்னால் ஏறுகிறாள்.