வெட்டுக்கிளிக்கு விலை கேட்டு வந்தார்கள்

கோரமண்டல்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் ராஜாத்திக்கு,

நீ அனுப்பின போட்டோ எல்லாம் வந்து சேர்ந்ததுடி. அவிநாசி ரோட்டு ஜி.டி. கார் மியூசியத்தில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாயே, அந்தக் காரின் பளபளப்பில் உன் மூக்குத்திகூடத் தெரிகிறது, அப்படித் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மாசமாச்சே பதில் போட என்று திட்டாதே. இங்கே தண்ணீர் வராத நாளில் அது எப்போ வரும் என்ற கவலை, வருகிற நாளில் குடத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. நம்ம ஊர் உனக்குத் தெரியாததா?

விஷயம் என்னவென்றால், நம்ம வெட்டுக்கிளிக்கு விலை கேட்டு ஆள் வந்திருந்தார்.

மறந்திருக்க மாட்டாய். என் மூத்தவள் கல்யாணத்துக்கு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து அண்டா குண்டான் எல்லாம் ஏற்றி, அதுக்கு மேலே உன்னையும் ஏற்றிக்கொண்டு வந்ததே, பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி உன் அரக்குப் பட்டைக் கிழித்து, நீ மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லையே, அதே ஜீப்புதான்.

எங்க வீட்டுக்காரர் அதை 1987ல் ஏலத்தில் எடுத்தார். நான் அப்போ வளையல் வைத்துக் கொடுத்த பணத்தில் பாதி அதுக்குள்தான் போச்சு என்பது வேற கதை. 1966ல் செய்த மஹிந்திரா ஜீப். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி செய்ததை இங்கே பம்பாயில் பூட்ட ஆரம்பித்து, பிறகு சாமான்களையும் இங்கேயே செய்துகொண்டார்களாம். இது ‘ஹை பானெட்’ ஜாதி. முந்தின ஜீப்புக்கு மூஞ்சி தட்டையாக இருக்கும், இதுக்கு மட்டும் ஏன் பானெட் இப்படித் தூக்கி நிற்கிறது என்று கேட்டேன். உள்ளே வால்வை என்ஜின் தலைக்குக் கொண்டுபோனார்கள், என்ஜின் உயரமாச்சு, மூடியையும் உயர்த்திட்டார்கள் என்றார். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரிதான்.

அப்புறம் 2001 பிப்ரவரி 28 வந்தது. நம்ம கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வாரம் பூரா நம்ம லைன் வீடுகளில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது, விடு. பாதிப் பேர் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். இவர் மட்டும், ரயிலில் தூங்கிப்போய்த் தூங்கி வர நான் பிறக்கலை, பங்காருபேட்டைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றப்போறேன் என்றார். எதில் ஏற்றுவீங்க என்றேன். ஜீப்பைக் காட்டினார். அதில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மொத்தமே 80 அங்குலம், நாலு பேர் உட்கார்ந்தாலே முட்டிக்கு முட்டி இடிக்கும்.

ஆண்டர்சன்பேட்டையில் இவரோடு ஷிப்டு பார்த்த ஃபிட்டர் ஒருத்தர் இருந்தார். பேர் வேண்டாம், மனுஷன் கூச்சப்படுவார். அவர் வந்து வண்டியை மூன்று தரம் சுற்றினார், ஒரு பீடி பிடித்தார், சேஸிஸில் சாக்கட்டியால் கோடு போட்டார். கோடு நேராக இல்லை, சாய்வாக. ஏன் கோணல் என்று கேட்டதுக்கு, நேராக வெட்டி ஒட்டினால் பாரம் ஏறும்போது ஒட்டின இடத்திலேயே விண்டுவிடும்மா, சாய்த்து வெட்டினால் ஒட்டுகிற நீளம் கூடும், உள்ளே ஒரு இரும்புச் சேனலையும் செருகி வெல்டிங் அடிச்சிடுவேன் என்றார். சுரங்கத்துக்குள்ளே ஆள் உயிரை இரும்பில் தொங்கவிட்டுப் பழகின கை, பார்த்துக்கோ.

சேஸிஸ் நீண்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டும் நீளணும், அதை லேத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு நூல் கோணினாலும் வண்டி நாற்பதில் நடுங்கும் என்றார்; கோணித்தான் வந்தது, நடுங்கித்தான் ஓடினது, எனக்கு வெற்றிலை பாக்கு வாயிலேயே இடிபட்டது. திரும்பக் கழற்றி, திரும்பக் கொடுத்து, நாலாவது தரம் சரியாச்சு. பெட்ரோல் குடிக்கிற என்ஜினை இறக்கிவிட்டு, பழைய பெர்கின்ஸ் டீசல் என்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள், மெட்ராஸ் செம்பியத்தில் சிம்சன் கம்பெனி செய்தது. அந்த சிம்சன் 1840லேயே குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த கம்பெனியாமே, தெரியுமா உனக்கு? டீசல் என்ஜின் கனம் தாங்காமல் வண்டி முன்னால் குனிந்துகொண்டது, பின்னால் ஸ்பிரிங் பட்டை கூடப் போட்டதில் முதுகு தூக்கிக்கொண்டது. வேம்புப் பலகையில் பாடி கட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தினால், அச்சாக வெட்டுக்கிளி! மூட்டை ஏற்றினால்தான் நேராக நிற்கும். வேலை இருக்கிறபோது மட்டும் நிமிர்ந்து நிற்கிற புத்தி எங்க வீட்டுக்காரருக்கும் உண்டு, சொன்னால் கோபம் வரும்.

என் பேரன் ஒருத்தன் இருக்கானே, எப்பவும் போனும் கையுமாக, அவன் அமெரிக்க டாட்ஜ் பிக்கப் ஒன்றைக் காட்டினான். ‘லில் ரெட் எக்ஸ்பிரஸ்’ என்று பேர், ரத்தச் சிவப்பு, முதுகில் புகைபோக்கி ரெண்டு லாரி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது, பக்கத்துக்குப் பக்கம் மரப்பலகை. 1978ல் 2,188, அடுத்த வருஷம் 5,118, அவ்வளவுதான் செய்தார்கள், ரொம்ப அபூர்வம் பாட்டி என்றான். ஏழாயிரத்துச் சொச்சம் அபூர்வமா, நம்ம வீட்டுப் பலகை வண்டி எத்தனை இருக்கு எண்ணிச் சொல்லுடா என்றேன். டாட்ஜ் என்றதும் நமக்கு மூக்கு வைத்த லாரிதானே ஞாபகம் வரும்? பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த அதே லாரிக்கே ஃபார்கோ, டிசோட்டோ என்றும் பேராம். ஒரே பெண்ணைப் பிறந்த வீட்டில் ஒரு பேர், புகுந்த வீட்டில் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

சரி, வந்தவரைப் பற்றிச் சொல்லாமல் எங்கேயோ போறேன். பெங்களூர்க்காரர், பழைய வண்டி சேர்க்கிறவராம், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்தார். பானெட்டைத் தட்டினார், முன்பக்கத்துக் கம்பி இடைவெளிகளை விரலால் எண்ணினார், இது மட்டும் ஒரிஜினல், பின்னால் இருக்கிறதை வெட்டி எறிந்துவிட்டு 1966ல் எப்படி வந்ததோ அப்படிக் கொண்டுவந்துவிடலாம் என்றார். காபி கொடுத்தேன். ரெண்டாவது தரம் வேணுமா என்று கேட்கலை.

அவர் போனதும் என் பிள்ளை சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். 2021ல் கவர்மெண்ட் விதி போட்டதாம்: 50 வருஷம் தாண்டின வண்டிக்கு ‘விண்டேஜ்’ என்று தனி நம்பர், நடுவில் வி.ஏ. என்று எழுத்து வரும், புதுசாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். எனக்கு ஒரே சந்தோஷம், கேளேன். அடுத்த வரியைப் படித்தான்: சேஸிஸ், பாடி, என்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. நம்மது மூன்றும் மாற்றினது! சரி, மாற்றாமலே இருந்து நம்பர் வாங்கியிருந்தால்? கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம், கொத்தமல்லிக் கட்டு ஏற்றக் கூடாது. அப்புறம் எதுக்குடி வண்டி? வெயிலில் நாலு தரம் அந்த ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு லேத்துக்கு நடந்தாரே அந்த மனுஷன், அது வண்டியின் வயசில் சேராதாம், தொடாமல் மூடி வைத்திருந்தால் சேருமாம். நீ பார்த்த மியூசியத்தில் வெட்டி நீட்டின வண்டி ஒன்றாவது நிற்கிறதா, அடுத்த தரம் போனால் கேட்டுச் சொல்லு.

விற்கலாம்மா, இடத்தை அடைச்சுக்கிட்டு நிற்குது என்று பிள்ளை தினம் ஓதுகிறான். எங்க வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நேற்று சாயங்காலம் பார்த்தால் ஒரு கிண்ணம் எண்ணெயோடு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார், கால் ரெண்டும் மட்டும் வெளியே. வண்டித் தொட்டியில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டை வேற வைத்திருக்கிறது, யாருக்குச் சொந்தம் என்று அவளுக்கும் எனக்கும் ஒரு சின்ன வழக்கு நடக்கிறது, அது அடுத்த கடிதத்தில்.

பொங்கலுக்குக் கண்டிப்பாக வா. பங்காருபேட்டையில் இறங்கு, வண்டி வரும். நீ உட்கார்ந்த பலகை அப்படியே இருக்கு, அந்த ஆணியும்தான். நல்ல சேலை கட்டிக்கொண்டு வராதே.

உன்,
பழைய சண்டைக்காரி